கெளுத்தி செதிலை அரைத்த நாள்

அந்தக் காலத்தில் மீன் வழுக்காது.

கையை நீட்டினால் உள்ளங்கையில் வந்து உட்காரும், புறா மாதிரி. உடம்பு சொரசொரவென்று இருக்கும். இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் தண்ணீருக்குத் திரும்பிப் போகும். மீன் பேசுமா என்று கேட்காதே. பேசியது. அப்போது எல்லாம்தான் பேசியது.

நெடுங்கரை என்று ஓர் ஏரி. அந்த ஏரிக்கு மடைக்காரன் வீரணன். மடைக்காரன் வேலை என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஏரியின் அடியில் மடைவாய் இருக்கும். அதை ஒரு மரக்கட்டை வைத்து அடைத்திருப்பார்கள். ஏரி நிறைந்தால் மடைக்காரன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே முங்கி, அந்தக் கட்டையைப் பிடுங்க வேண்டும். பிடுங்கினால் தண்ணீர் வாய்க்காலில் போகும். பிடுங்காவிட்டால் கரை போகும். கரை போனால் ஊர் போகும். ஏரியும் போகும். மீனெல்லாம் வயல் சேற்றில் கிடந்து கருவாடு ஆகும்.

மடைவாயை ஒட்டிய பொந்தில் ஒரு கெளுத்தி குடியிருந்தாள். அன்றைக்குக் கெளுத்திக்குச் செதில் உண்டு. சாதாரணச் செதில் இல்லை. வெள்ளியைத் தட்டித் தட்டி ஒட்டின மாதிரி. வெயில் ஏறினதும் மேலே வந்து நாலு சுற்றுச் சுற்றுவாள், எல்லாரும் பார்க்கட்டும் என்று. எல்லாரும் பார்த்தார்கள். பார்க்காத மாதிரி நடித்தவன் விரால் ஒருவன்தான்.

வீரணன் முங்கும்போதெல்லாம் இரண்டு பேருக்கும் ஒரே பேச்சு.

"மதினி, தள்ளிக்கங்க. காலு மேல பட்டுரும்."

"பாத்து வாங்க கொழுந்தனாரே. செதில் மங்கிரும்."

"வீட்டுல ஒச்சம்மா மொகம் பாக்க ஒரு கண்ணாடி கேக்குறா. ஒரே ஒரு செதில் குடுத்தா கொறஞ்சா போயிருவீங்க?"

"ஒங்கள மாதிரி ஆள தெனம் பாக்குறாள்ல. அந்தக் கொடுமையே போதும். கண்ணாடி வேற எதுக்கு?"

ஒரு செதில்கூடக் கொடுத்ததில்லை. யாருக்கும்.

அந்த வருஷம் ஐப்பசி மழைக்குக் கொஞ்சம் முன்னால், ஏரிச் சேற்றில் மட்டிச் சிப்பி ஒன்று வீரணன் காலைக் கிழித்துவிட்டது. சின்னக் காயம். கட்டச் சொன்னாள் ஒச்சம்மா. "இதுக்கெல்லாமா?" என்றான். புத்தி கெட்டவன்.

காயத்துக்குள் பொடியன்கள் குடி வந்தார்கள்.

பொடியன்கள் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். கால் கை கிடையாது. வயிறும் வாயும் மட்டும்தான். ராத்திரி நாலு பேராக வந்தார்கள். விடியும்போது ஒரு தெரு. உச்சி வெயிலுக்கு ஓர் ஊர். கால் பூசணிக்காய் ஆனது.

ஒச்சம்மா மஞ்சள் அரைத்துப் போட்டாள். பொடியன்கள் ஓவென்று அழுதார்கள். மறுநாளும் போட்டாள். "மஞ்சள் வந்துருச்சுடா, எலையப் போடு!" என்றார்கள். வேப்பிலையை அரைத்துப் போட்டாள். முதல் வாய்க்கு மூஞ்சியைச் சுளித்தார்கள். மறுவாய்க்கு, "நல்லாத்தான் இருக்கு. உப்புதான் பத்தல" என்றார்கள். தேன் தடவினாள். அதைச் சொல்லவே வேண்டாம். பாயசம் என்று நக்கினார்கள்.

எந்த மருந்தானாலும் முதல் நாள் மருந்து. மறுநாள் சோறு. அப்படிப் பழகிக்கொண்டார்கள். வீரணனுக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. மழை என்றால் மழை. ஏரி மளமளவென்று ஏறியது. ஊரார் கரைமேல் நின்று வானத்தையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"வேற யாராச்சும் முங்குனா என்ன?" என்று ஒருவன் கேட்டான்.

"முங்கலாம். யாரு எந்திரிச்சு வர்றது?" என்றான் இன்னொருவன். 

தவளை ஓடிவந்து கெளுத்தியின் பொந்துக்குள் தலையை நீட்டினான். ஏரிக்குச் சேதி சொல்கிறவன் அவன்தான். பாதி சேதி, பாதி வம்பு.

"அக்கோவ், ஒன் கொழுந்தன் கட்டில்ல கெடக்கான். காலு அழுகுதாம். முங்க மாட்டானாம். கரை ஒடையப்போவுது. நான் பனைமரத்துல ஏறிக்கிறலாம்னு இருக்கேன்."

"ஒனக்குப் பனைமரம் ஏறத் தெரியுமா?"

"தெரியாது. இனிமேத்தான் பழகணும்."

கெளுத்தி திரும்பிப் பொந்தைப் பார்த்தாள். உள்ளே குஞ்சுகள். வாலும் தலையும் பிரியாத வயசு. கரை உடைந்தால் முதல் இழுப்பில் போவது மடைவாய்ப் பொந்துதான்.

"போய்ச் சொல்லு. கால எடுத்துக்கிட்டு தண்ணிக்கு வரச் சொல்லு. நான் பாக்கணும்."

"நீ என்ன வைத்தியரா?"

"போடா."

ஒச்சம்மா புருஷனைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தாள். கரையில் உட்கார்த்திக் காலைத் தண்ணீரில் இறக்கினாள். கெளுத்தி காயத்தோடு ஒட்டி நின்று காது கொடுத்தாள். உள்ளே ஒரே கும்மாளம்.

"யார்றா அது, மீசை வச்ச பொம்பளை?" என்றான் ஒரு பொடியன்.

"என்ன கொண்டாந்திருக்கே? மஞ்சளா, வேம்பா?" என்றான் இன்னொருவன்.

"ஒண்ணும் கொண்டாரல. எப்பக் கெளம்புறீங்கன்னு கேக்க வந்தேன்."

"கெளம்புறதா! முழங்காலுக்கு மேல எடம் பாத்தாச்சு. நாளைக்குப் பால் காய்ச்சுறோம். நீயும் வா."

கெளுத்திக்குக் கோபம் வந்தது. கன்னத்துப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்த முள்ளால் ஒரு குத்து விட்டாள்.

"ஆத்தாடி!" என்று வீரணன் துள்ளினான்.

உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். பேசிக்கொண்டிருந்தவனைக் காணோம். ஓட்டை விழுந்து, உள்ளே இருந்ததெல்லாம் ஒழுகி, தோல் மட்டும் கிடந்தது. கும்மாளம் நின்றது. ஒரு நிமிஷம்தான் நின்றது. "ஒருத்தன்தானே போனான்" என்று மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆனால் கெளுத்தி கண்டுகொண்டாள். ருசிக்குப் பழகலாம். கசப்புக்குப் பழகலாம். ஓட்டைக்கு எப்படிப் பழகுவான்?

குத்த வேண்டும். ஆளுக்கு ஒரு குத்து. அவர்களோ கோடிப் பேர். தன்னிடம் இருப்பது மூன்றே முள். அதுவும் பெரிசு. அதை வைத்துக் கோடிக் குத்து குத்தினால் பொடியனுக்கு முன்னால் கொழுந்தன் போய்விடுவான். பொடியனுக்குத் தக்க ஊசி வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஊசி. கோடி ஊசி.

கெளுத்தி தன் உடம்பைப் பார்த்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நேரே ஆமையிடம் போனாள்.

"தாத்தா, அரைக்கணும். முதுகக் குடு."

"எதை அரைக்கப்போறே? முள்ளையா?"

கெளுத்தி வாலைச் சுருட்டி வாயருகே கொண்டுவந்து, முதல் செதிலைப் பிடுங்கினாள். ஆமை திரும்பி முதுகைக் காட்டிற்று.

விரால் பார்த்துக்கொண்டே வந்தான். "ஏய், கிறுக்குப் புடிச்சிருச்சா? செதில் போனா நீ யாரு? புழு!"

"ஏரி போனா நீ யாரு?" என்றாள் கெளுத்தி. "கொழம்பு!"

விரால் போய்விட்டான்.

பிடுங்கினாள். அரைத்தாள். வலித்தது. வலிக்காமல் என்ன? நிறுத்தவில்லை. ஆமை மட்டும் நடுநடுவே, "ஆத்தா, கூசுது" என்று நெளிந்தது. வாயில் ஊறிய நீரை விட்டு விட்டு அரைத்தாள். செதில் பொடிந்தது. பொடி உடைந்து ஊசியானது. ஊசி இன்னும் உடைந்து கண்ணுக்கு மறைந்தது. கடைசியில் பார்த்தால், வெண்டைக்காயைப் பிசைந்த மாதிரி கொழகொழவென்று ஒரு பசை. தொட்டால் வழுக்கிற்று. அந்த ஏரியில் அதுவரைக்கும் எதுவும் வழுக்கியதில்லை.

ஒரு தேங்காய்ச் செரட்டை நிறைய அதை வழித்துப் போட்டு, தவளையின் தலையில் வைத்து அனுப்பினாள்.

ஒச்சம்மா செரட்டையை வாங்கி, பசையை உடனே தன் வீட்டுச் சட்டியில் மாற்றிக்கொண்டாள். அடுத்த வீட்டுப் பாத்திரத்தில் சாமானை விட்டுவைக்கும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. இரண்டு விரலால் எடுத்துக் காயத்தில் தடவினாள்.

"என்னடா இது, புதுசா இருக்கு? ருசியே இல்லையே!" என்றான் உள்ளே ஒரு பொடியன்.

"டேய், யார்றா குத்துறது?"

"ஐயோ, எனக்கு ஓட்டை! ஒழுகுறேன்டா, அடைங்கடா!"

"எதை வச்சுடா அடைக்கிறது? எனக்குக் கையா இருக்கு?"

டப். டப். டப்டப்டப். ஐப்பசிப் பட்டாசு தோற்றது. பால் காய்ச்ச வந்தவர்கள் ஒருத்தர் பாக்கியில்லை.

வீரணன் ஒரு தூக்கம் தூங்கினான். எழுந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "பசிக்குது."

ஒச்சம்மா அழுதாள், சிரித்தாள், கஞ்சி ஊற்றினாள். பானையில் இருந்த கடைசிக் கஞ்சி. வீக்கம் வற்றியிருந்தது. வீரணன் காலை ஊன்றி எழுந்து நின்றான். வெளியே பார்த்தான். கரை விளிம்புக்கு இன்னும் ஒரு சாண்தான்.

"நான் போறேன்."

"இருங்க. அந்த அக்கா செரட்டையக் கொண்டுபோய்க் குடுத்துருங்க. போற வழிதானே."

"ஏரி ஒடையப்போவுது. செரட்டை இப்ப ரொம்ப முக்கியம்!"

"குடுத்தவுங்க பாத்திரத்த வச்சுக்கிறலாமா?"

அங்கேதான் வந்தது சிக்கல். வாங்கின பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது. பிடி அரிசியோ, ஒரு கட்டி வெல்லமோ, நாலு கல் உப்போ போட்டுத்தான் கொடுக்க வேண்டும். இது நம் ஊர் வழக்கம். ஒச்சம்மா தேடினாள். அரிசிப் பானை கவிழ்ந்து கிடந்தது. வெல்லம் எப்போதோ தீர்ந்துவிட்டது. உப்பு, கூரை ஒழுகி, கரைந்து ஓடிவிட்டது. வீட்டில் நிறைந்து இருந்தது ஒன்றே ஒன்றுதான். சட்டியில் மிச்சமிருந்த மருந்து. தடவினது இரண்டு விரல். மிச்சம் முக்கால் செரட்டைக்கு மேல்.

ஒச்சம்மா சட்டியைச் சாய்த்தாள்.

"ஏய், ஏய்! அது மருந்துடி! நாளப்பின்ன வேணும்டி!"

"நாளைக்கு வேணும்னா நாளைக்குப் பாத்துக்குவோம். வெறுஞ் செரட்டைய நீட்டுனா அந்த அக்கா என்னை என்ன நெனைக்கும்?"

"அவுங்க குடுத்ததையே அவுங்களுக்குக் குடுப்பியா?"

"வெறுமனே குடுக்குறதுக்கு இது தேவல."

சட்டியின் அடியை விரலால் வழித்து, விரலையும் செரட்டை விளிம்பில் சீவி, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் போட்டுக் கொடுத்தாள். இவளிடம் யார் பேசி ஜெயித்தது? வீரணன் செரட்டையைத் துணியில் முடிந்து இடுப்பில் கட்டிக்கொண்டு முங்கினான்.

அடியில் இருட்டு. மடைவாயில் யாரோ நின்றார்கள். மொழுமொழுவென்று, கறுப்பாக, ஒரு மினுக்கமும் இல்லாமல்.

"யாரு?" என்றான். தண்ணீருக்குள் எப்படிப் பேசினான் என்று ஆரம்பிக்காதே. முதலிலேயே சொல்லிவிட்டேன்.

"நான்தான் கொழுந்தனாரே."

"மதினி! செதில் எங்க?"

"ஒங்க காலுக்குள்ள."

நின்று அழ மூச்சு இல்லை. வீரணன் சட்டென்று குனிந்து கட்டையைப் பிடித்தான். இழுத்தான். வரவில்லை. காலை ஊன்றி இழுத்தான். அசையவில்லை. அத்தனை நாள் ஊறி, கட்டை பெருத்து மடைவாயைக் கவ்விக்கொண்டிருந்தது. காதுக்குள் மணி அடித்தது. மேலே போனால் மறுபடி முங்கி வருவதற்குள் கரை இருக்காது.

"இடுப்புல என்ன அது?" என்றாள் கெளுத்தி.

"ஒச்சம்மா குடுத்துவிட்டா. செரட்டையை வெறுமனே குடுக்கக் கூடாதாம்."

கெளுத்தி முடிச்சை அவிழ்த்துப் பார்த்தாள். அந்த நேரத்திலும் சிரித்துவிட்டாள். "எனக்கே திருப்பி அனுப்பியிருக்கா பாரு!" சிரித்துக்கொண்டே செரட்டையைக் கவிழ்த்தாள். மீசையால் பசையைக் கட்டையைச் சுற்றிலும், இடுக்கு இடுக்காகத் தடவினாள். "இப்ப இழுங்க!"

இழுத்தான். 'தொளக்'.

கட்டை கையோடு வந்துவிட்டது. ஏரி ஒரு குரல் கத்திக்கொண்டு மடைக்குள் பாய்ந்தது. உள்ளே பெரிய சுழி. கெளுத்தி குஞ்சுகளோடு அதில் சுற்றினாள். விரால் சுற்றினான். அயிரை, உளுவை, கெண்டை எல்லாம் சுற்றின. கலங்கிய மருந்தும் கூடச் சுற்றிற்று. சுற்றச் சுற்ற ஒவ்வொருத்தர் மேலும் அப்பிக்கொண்டது. விலாங்கு சுழியின் நடுவில் மாட்டிக்கொண்டது. அதற்கு மட்டும் இரண்டு பங்கு.

வீரணன் தலை மேலே தெரிந்ததும் ஊரே கூச்சல் போட்டது. ஒச்சம்மா கையை நீட்டிப் பிடித்தாள். வழுக்கிவிட்டான். தோளைப் பிடித்தாள். 'தொளக்'. தலைமுடியைப் பிடித்தாள். அதுவும் வழுக்கிற்று.

"என்னடி, புருஷனப் புடிக்கத் தெரியல!" என்று கரையில் ஒருத்தி கத்தினாள்.

"இந்தாளு எப்பவும் இப்படித்தான்! வேல சொன்னா நழுவிருவாரு!"

கடைசியில் நாலு பேர் வேட்டியை வீசி, மீனைப் போல வளைத்துத்தான் கரையேற்றினார்கள். கரை நின்றது. மழையில் நனைந்துகொண்டே சிரித்தார்கள். வீடு போய்ச் சேர்வதற்குள், அவன் மேல் ஒட்டியிருந்ததை எல்லாம் மழை கழுவிவிட்டது. வீட்டுச் சட்டியோ வழித்த சட்டி.

தண்ணீர் வடிந்து ஏரி தெளிந்ததும் மீன்களெல்லாம் தங்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டன. விரால் முதுகில் கொக்கு கொத்தின ஒரு பழம்புண் இருந்தது. எத்தனையோ நாளாக ஆறாதது. தேடினான். காணோம். கெளுத்தியின் பொந்துக்கு வந்து வெளியே நின்றான்.

"அக்கா."

"யாரு அக்கா? புழுன்னு சொன்னியே."

"வாய் தவறிருச்சு. நீ மேல வரலையா? வெயில் வந்துருச்சு."

கெளுத்தி வந்தாள். செதில் இல்லாமலே நாலு சுற்றுச் சுற்றினாள். இந்தத் தடவை விரால் கண்ணை எடுக்காமல் பார்த்தான்.

கதை முடிந்ததென்று எழுந்திருக்காதே. மனுஷன் விஷயம் இருக்கிறது.

கொஞ்ச நாள் கழித்து வீரணனுக்குக் கையில் அரிவாள் பட்டது. பொடியன்கள் மறுபடி வாசலில் வந்து நின்றார்கள்.

"மதினிகிட்டப் போய்க் கொஞ்சம் மருந்து கேட்டுட்டு வந்துர்றேன்" என்றான்.

ஒச்சம்மா வழியை மறித்துக்கொண்டாள். "மரியாதைக்குன்னு குடுத்ததத் திரும்பப் போய்க் கேப்பீகளா? நம்ம மானம் என்னாவுறது?"

"மருந்துடி!"

"கேக்கக் கூடாது. அவ்வளவுதான்."

கேட்காமல் வாங்குவது எப்படி? வீரணன் யோசித்தான். கெளுத்தி எப்போதும்போல் கையில் வந்து உட்காருவாள். பேச்சோடு பேச்சாக ஒரு விரலால் லேசாக வழித்துக்கொண்டால் போயிற்று. போனான். கையை நீட்டினான். கெளுத்தி வந்து உட்கார்ந்தாள்.

'தொளக்'. வழுக்கித் தண்ணீரில் விழுந்தாள்.

மறுபடி உட்கார்ந்தாள். வீரணன் விரலை மடக்கினான். 'தொளக்'.

"என்ன கொழுந்தனாரே, வெரலு ஒரு மாதிரி போவுது? என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம் மதினி. சும்மா பாத்துட்டுப் போகலாம்னு."

"கையில என்ன கட்டு?"

"அது... ஒண்ணுமில்ல."

"வாயத் தொறந்து கேட்டா செரட்டை நெறையக் குடுப்பேன்ல."

"எனக்கு எதுக்கு?" என்றான் வீரணன். அவள் திரும்பின நேரம் பார்த்து இரண்டு கையாலும் அமுக்கினான். நறுக்கென்று முள் ஏறியது. "ஆத்தாடி!" என்று உதறினான். கெளுத்தி சிரித்துக்கொண்டே ஆழத்துக்குப் போய்விட்டாள்.

கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவன் மகனும் கேட்கவில்லை. பேரனும் கேட்கவில்லை. மஞ்சளும் வேம்பும் போய் எத்தனையோ மாத்திரையும் ஊசியும் வந்தாயிற்று. பொடியன்கள் அதிலும் சிலதுக்கு இலை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அதனால் இப்போது படித்தவர்கள் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, மீனைத் தொட்டியில் வைத்து, முதுகை வழித்து வழித்துக் கண்ணாடிக் குழாயில் போடுகிறார்கள். பொடியனுக்கு ஓட்டை போடுகிற ஊசி அதில் எங்கே இருக்கிறதென்று தேடுகிறார்கள். தேடட்டும். இருக்கிறது.

அன்று முதல்தான் கெளுத்திக்குச் செதில் கிடையாது. எந்த மீனும் மனுஷன் கையில் உட்காருவது கிடையாது. இறுக்கிப் பிடித்தால் நழுவி, கொஞ்ச தூரம் போய்த் திரும்பி நின்று, வாயைத் திறந்து திறந்து மூடுகிறதே, பார்த்திருக்கிறாயா? "கேளேன், கேளேன்" என்கிறது.